வள்ளியம்மா சொன்ன பேர்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயனில், கூலிகளின் வரிசை வீடுகளில், வள்ளியம்மாவைப் பற்றிப் பெண்களுக்கு இருந்த குறை ஒன்றே ஒன்றுதான். அவள் புருஷன் பேரைச் சொல்லிவிடுவாள். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் கேட்டாலும், தபால்காரர் வாசலில் நின்று கேட்டாலும், "ரெங்கசாமி" என்று முகத்தில் அடித்தாற்போல் பதில் வரும். கட்டினவன் பேரை வாயால் சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்று நம்பின காலம் அது. குழாயடியில் மற்றப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்வார்கள். திமிர் பிடித்தவள் என்பார்கள். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்களுக்கு, "அவகூட ரொம்பப் பேசாதே" என்று புத்தி வேறு சொல்வார்கள். இப்படிச் சொன்னவர்களில் பாதிப் பேருக்கு என்ன நடந்தது என்று தெரியாது. தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அவளும் ஒரு காலத்தில் மற்றவர்களைப் போலத்தான் இருந்தாள். சொல்லப்போனால் மற்றவர்களைவிட ஒரு படி அதிகம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்றில், பதினேழு வயதில், கழுத்தில் புதுத் தாலியோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறிக் கடல் தாண்டி இங்கே வந்தாள். புருஷன் ரெங்கசாமி அப்போதே ரயில்வேயில் இருந்தார். தண்டவாளம் பிரிகிற இடத்தில் நின்று, வண்டி போக வேண்டிய பக்கம் கம்பியை இழுத்துவிடுகிற வேலை. அதிகம் பேசாத மனுஷர். குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை. லயனில் அது பெரிய சங்கதி. வள்ளியம்மா தன் அதிர்ஷ்டத்தை நன்றாக உணர்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் தலைக்குக் குளித்து அவருக்காக விளக்கேற்றினாள். இரண்டு பிள்ளை பிறந்து இரண்டும் தங்கவில்லை. அந்தத் துக்கத்திலும் அவர் அவளை ஒரு சுடுசொல் சொன்னதில்லை.

ஊரில் அவளுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு தம்பி, பக்கிரிசாமி. அவனைப் பெற்ற மூன்றாம் நாளே அம்மா போய்விட்டாள். எட்டு வயது வள்ளியம்மாதான் அவனை இடுப்பில் சுமந்து திரிந்தாள். கப்பலேறும்போது அவன் கரையில் நின்று கத்தியதை அவளால் மறக்கவே முடியவில்லை. ஏழு வருஷம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு புருஷனை நச்சரித்து, காயிதம் போடச் சொல்லி, தம்பியை இங்கே வரவழைத்துக்கொண்டாள். அவன் பதினாறு வயதில் வந்து சேர்ந்தான். மீசை அரும்பிய அந்தப் பயலை ஸ்டேஷனில் பார்த்தபோது அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. அவன்தான் "அக்கா" என்று ஓடிவந்தான்.

"நீ கூப்பிட்டு நான் வராம இருப்பேனா?" என்றான்.

இந்த வார்த்தையைப் பின்னால் எத்தனையோ முறை அவள் நினைத்து நினைத்து வயிற்றில் அடித்துக்கொண்டாள். அவள் கூப்பிடாமல் இருந்திருந்தால் அவன் ஊரிலேயே ஏதோ ஒரு வயலில் நாற்று நட்டுக்கொண்டு கிழவனாகியிருப்பான்.

பக்கிரிக்குத் தண்டவாளக் கூலி வேலை கிடைத்தது. தம்புசாமி என்ற மண்டோரின் கீழே இருபது பேர். மண்டோர் என்றால் கூலிகளை மேய்க்கிறவன். தம்புசாமிக்குக் கையைவிடக் கால்தான் முதலில் பேசும். அக்காவை அக்காவாக நினைக்காமல் அம்மாவாக நினைத்து வளர்ந்த பயலுக்கு ரோஷம் அதிகம். ஒருநாள் மதியம் மண்டோர் வந்து, வேலை தாமதம் என்று பக்கிரியின் சோற்றுச் சட்டியைக் காலால் எத்திவிட்டான். சோறு சரளைக்கல் மேல் சிதறியது. பக்கிரி எழுந்து நின்று, இருபது பேர் பார்க்க, "ஒருநா இல்லாட்டி ஒருநா ஒன்னத் தீத்துடறேன் பாரு" என்றான். இருபது வயதில் யார்தான் இப்படிச் சொல்லவில்லை? ஆனால் சொன்ன எட்டாம் நாள் மண்டோர் செத்துப்போனான்.

நடந்ததைக் கண்ணால் கண்டவள் வள்ளியம்மா. வேறு யாரும் காணவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துநாலு, மாசி மாதம், விளக்கு வைக்கிற நேரம். குழாயடியில் அவள் மட்டும் நின்றாள். மண்டோர் கள்ளுக்கடைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தான். பின்னாலேயே ஒரு ஆள் வந்தான். கையில் கடப்பாரை. ஒரே அடி. மண்டோர் ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை. அடித்தவன் திரும்பியபோது அவன் முகம் அவளுக்கு நேராக இருந்தது. கரி ஏற்றும் கொட்டாயில் வேலை செய்தவன். ஆற்றோரத்து ஒண்டிக்கட்டைகள் லயனில் குடியிருந்தான். போன மாதம்தான் மண்டோர் அவன்மேல் புகார் எழுதிக்கொடுத்து வேலையை விட்டு நிறுத்தியிருந்தான். அவன் கடப்பாரையோடு ஆற்றுப் பக்கம் ஓடினான். அவள் கையிலிருந்த குடம் எப்போது விழுந்ததென்று அவளுக்கே தெரியாது.

சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தவன் பக்கிரி. குளித்துவிட்டுக் கைலியோடு வந்தவன், எதிரி என்றும் பார்க்காமல் மண்டோரின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். கைலி முழுவதும் ரத்தம். அந்தக் கோலத்தில்தான் மற்றவர்கள் அவனைப் பார்த்தார்கள். மண்டோரின் அக்கா மகன் ஓடிவந்து, "பக்கிரி கொன்னுட்டான், பக்கிரி கொன்னுட்டான்" என்று கூவினான். அரைமணி நேரத்தில் மாத்தா வந்து பக்கிரியின் கையில் விலங்கு போட்டு இழுத்துக்கொண்டு போனார்கள். இங்கே போலீஸ்காரர்களை அப்படித்தான் சொல்வது.

வள்ளியம்மாவுக்கு அழுகை வந்தது, ஆனால் பயம் வரவில்லை. கண்ணால் பார்த்திருக்கிறோம், போய்ச் சொன்னால் விட்டுவிடப்போகிறார்கள் என்றுதான் நினைத்தாள். பாவம், அவள் நினைப்பில் ஒரு தப்பும் இல்லை.

கொலை செய்தவன் பேர் ரெங்கசாமி. சங்கடம் அங்கேதான்.

கட்டினவன் பேர் இன்னொருவனுக்கு இருந்தாலும் அந்தப் பேர் அந்தப் பேர்தான். பெண் வாயில் வரக்கூடாது. கரிக்கொட்டாய்க்காரனைப் பற்றி வீட்டில் பேச்சு வந்தால், "ஒங்க பேருக்காரரு" என்பாள் புருஷனிடம். வெளியில் பேரைச் சொல்லியே ஆகவேண்டிய இடங்களுக்கும் பெண்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுச் சாந்தமேரியும் வள்ளியம்மாவும் எந்த ஆபீசுக்குப் போனாலும் சேர்ந்தே போவார்கள். அங்கே எழுதுகிற கிராணி பேர் கேட்டால் வள்ளியம்மா சாந்தமேரியின் விலாவில் இடிப்பாள். சாந்தமேரி, "ரெங்கசாமிங்க" என்பாள். சாந்தமேரியின் முறை வந்தால் இவள் சொல்வாள். வேதக்காரி ஆனாலும் சாந்தமேரிக்கும் புருஷன் பேர் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எல்லாக் கிராணிகளுக்கும் இது தெரியும். யார் வாயிலிருந்து வந்தால் என்ன, பேர் எழுதியாயிற்று என்று போய்க்கொண்டே இருப்பார்கள்.

மறுநாள் காலையில் போலீஸ் ஸ்டேஷனுக்கும் இருவரும் அப்படித்தான் சேர்ந்து போனார்கள். அவள் புருஷன் அந்த வாரம் கிள்ளானில் வேலையாக இருந்தார். அவருக்கு இன்னும் சேதியே போய்ச் சேரவில்லை. ஸ்டேஷன் வாசலில் சாந்தமேரியைத் தடுத்து நிறுத்தினார்கள். சாட்சி மட்டும்தான் உள்ளே வரலாம். ஒருத்தர் சொல்லிக் கொடுத்து ஒருத்தர் பேசக்கூடாது. நியாயமான சட்டம்தான். யாரோ நல்லவர்கள் உட்கார்ந்து யோசித்துப் போட்டதாகத்தான் இருக்கும்.

உள்ளே வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் ஒருவர், அவருக்காகத் தமிழில் கேட்டு இங்கிலீஷில் எழுதுகிற கிராணி ஒருவர். வள்ளியம்மா குழாயடி, கடப்பாரை, ஓட்டம் எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"ஆள் யாரு?"

"கரிக்கொட்டாயில வேலை செஞ்சவருங்க."

"கரிக்கொட்டாயில நாப்பது பேரு இருக்கான். பேரு என்னம்மா?"

அவள் பக்கத்தில் திரும்பினாள். இடிப்பதற்கு விலா இல்லை. முந்தானையைப் பிடித்துத் திருகினாள்.

"எங்க வீட்டுக்காரரு பேருதாங்க அவருக்கும்."

கிராணி எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். "உன் வீட்டுக்காரனா அடிச்சான்?"

"ஐயோ, இல்லீங்க சாமி! அவரு கிள்ளான்ல இருக்காருங்க. அவரு இல்லீங்க!"

"பின்னே என்ன வீட்டுக்காரன் பேரை இழுக்கிற? கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. அடிச்சவன் பேரு தெரியுமா தெரியாதா?"

இன்னொரு வார்த்தை பேசினால் புருஷனுக்கும் விலங்கு போட்டுவிடுவார்களோ என்று பயந்தாள். வாயை இறுக மூடிக்கொண்டாள். வெளியே இன்னும் பத்துப் பேர் காத்திருந்தார்கள். கிராணி இன்ஸ்பெக்டரிடம் ஏதோ இங்கிலீஷில் சொன்னார், எழுதினார், காகிதத்தைத் திருப்பி அவள் பெருவிரலில் மை தடவி அழுத்தினார். எழுதியதைப் படித்துக் காட்டவில்லை. படித்துக் காட்ட வேண்டும் என்று அவளுக்கும் தெரியாது.

வெளியே வந்து சாந்தமேரியின் தோளைப் பிடித்துக்கொண்டு, "பேரு கேட்டாங்கடி, நீ சொல்லிடு, நீ சொல்லிடு" என்றாள். வராந்தாவில் ஒரு தமிழ் மாத்தா பெஞ்சியில் உட்கார்ந்து பூட்சுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். சாந்தமேரி அவனிடம் போனாள்.

"அண்ணே, இந்தம்மா பாத்த ஆளு கரிக்கொட்டாய் ரெங்கசாமி. உள்ள சொல்லிடுங்க."

"ம், சரி சரி," என்றான் அவன், தலை நிமிராமலே.

அவ்வளவுதான். சொல்லியாயிற்று. பத்து வருஷமாக எந்த ஆபீசிலும் எப்படிச் சொன்னார்களோ அப்படியே இங்கேயும் சொல்லியாயிற்று. இரண்டு பெண்களும் பாசார் வழியாக வீட்டுக்கு நடந்தார்கள். வழியில் வள்ளியம்மா மாரியம்மன் கோயில் திசை பார்த்துக் கும்பிட்டாள். அந்தக் கரிக்கொட்டாய்க்காரன் அன்றைக்கே லயனில் இல்லை. சுங்கை பூலோ பக்கம் போனான் என்றார்கள், கப்பலேறிவிட்டான் என்றார்கள். போலீஸ் பிடித்துவிடும் என்று அவள் நம்பினாள். போலீஸ் தேடவே இல்லை என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

மூன்று மாதம் பக்கிரி ஜெயிலில் இருந்தான். பார்க்கப் போகும்போதெல்லாம், "பேரு குடுத்தாச்சுடா தம்பி, கவலைப்படாதே" என்பாள். அவனும் கவலைப்படவில்லை. அக்கா பார்த்திருக்கிறாள், அக்கா சொல்லிவிட்டாள். ஜெயில் சோற்றில் அவன் கொஞ்சம் சதைகூடப் போட்டிருந்தான்.

கொலைக் கேசு என்பதால் கோர்ட்டே அவனுக்கு ஒரு வக்கீல் துரையை நியமித்தது. துரை விசாரணைக்கு முதல் நாள்தான் கேசுக் கட்டைப் பிரித்தார். அவருடைய கிராணி மரியநாயகம் நல்ல மனுஷர், தமிழர். வள்ளியம்மாவையும் ரெங்கசாமியையும் வரச்சொல்லி உட்காரவைத்து, அவள் வாக்குமூலத்தை எழுத்து எழுத்தாகப் படித்துச் சொன்னார். கடைசி வரிக்கு வந்தபோது அவர் குரல் தாழ்ந்தது.

"'அடிச்ச ஆள் கரிக்கொட்டாய்க் கூலி. பேர் எனக்குத் தெரியாது.' இப்படித்தாம்மா இருக்கு."

"தெரியாதுன்னு நான் எங்கங்க சொன்னேன்? சாந்தமேரி சொல்லிச்சுங்களே! வராந்தாவுல மாத்தாகிட்ட சொல்லிச்சே!"

"சாந்தமேரி சொன்னது உன் வாக்குமூலம் ஆகாதும்மா."

"எல்லா எடத்துலயும் அதுதாங்க சொல்லும்..."

மரியநாயகம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் மனைவியும் அவர் பேரைச் சொல்லமாட்டாள், அவருக்குப் புரியாமலில்லை. உள்ளே போய்த் துரையிடம் சாந்தமேரியையும் கூப்பிடலாம் என்று சொல்லிப் பார்த்தார். அவள் எதையும் கண்ணால் பார்க்கவில்லையே, கேட்டதைச் சொல்வது சாட்சியாகாது என்று துரை தள்ளிவிட்டார். வராந்தா மாத்தாவை விசாரித்தார்கள். அவனை வேறு ஊருக்கு மாற்றியிருந்தார்கள். அப்படி எதுவும் நினைவில்லை என்று பதில் வந்தது.

வீடு திரும்பும் வழியில் ரெங்கசாமி ஒரு இடத்தில் நின்றார்.

"நாளைக்குக் கேட்டா சொல்லிடு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

"ஒங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"எனக்கு என்னலா ஆவும்? ஆயிட்டா ஆவட்டும். அவன் சின்னப் பையன்."

இதைவிட ஒரு புருஷன் என்ன சொல்ல முடியும்? அவள் தலையை ஆட்டினாள். அடுப்படியில் தனியாக இருந்தபோது ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தாள். முடியவில்லை. நாளைக்கு வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு அரிசி களைந்தாள்.

கோர்ட்டில் முதலில் சர்க்கார் பக்கத்துச் சாட்சிகள். மண்டோரின் அக்கா மகன் சின்னக் கோர்ட்டில், சத்தம் கேட்டு ஓடிவந்தேன் என்று சொல்லியிருந்தான். பெரிய கோர்ட்டில் பத்தடி தூரத்தில் நின்று அடித்ததையே பார்த்தேன் என்றான். கோடாலியால் அடித்தான் என்றான். அடுத்து வந்த கள்ளுக்கடைக்காரன், பக்கிரி ஏதோ இரும்புக் கம்பியோடு முன்னாலிருந்து ஓங்கியதைப் பார்த்தேன் என்றான். டாக்டர் காயம் பின்மண்டையில் என்றார். கோடாலியும் இல்லை, கம்பியும் அகப்படவில்லை. வக்கீல் துரை இதையெல்லாம் நன்றாகவே எடுத்துக் காட்டினார். ஜட்ஜு எழுதிக்கொண்டார். அவருக்குப் பக்கத்தில், தங்கள் அபிப்பிராயம் சொல்வதற்காக உட்கார்த்தியிருந்த இரண்டு பேரில் ஒருவர் தோட்டத்துத் துரை, ஒருவர் தவுக்கே என்கிற சீன முதலாளி. அவர்கள் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு வள்ளியம்மாவைக் கூப்பிட்டார்கள்.

கூண்டில் ஏறினாள். துபாஷி சத்தியம் வாங்கினார். குழாயடி சொன்னாள், கடப்பாரை சொன்னாள், பின்னாலிருந்து ஒரே அடி என்றாள். டாக்டர் சொன்னதோடு அவள் சொன்னது மட்டும்தான் ஒத்துப்போனது. கூண்டுக்கு எதிரே பக்கிரி நின்றான். அக்காவைப் பார்த்து லேசாகச் சிரித்தான். பின்வரிசையில் ரெங்கசாமி துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்த ஆளின் பேர் என்ன?" என்றார் துபாஷி.

வள்ளியம்மா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். பதினொரு வருஷம் அந்தப் பேர் எதிர்ப்பட்ட இடத்திலெல்லாம் ஒதுங்கியே பழகிய நாக்கு. புருஷன் அனுமதி கொடுத்துவிட்டார், தம்பி எதிரே நிற்கிறான், எல்லாம் தெரிகிறது, ஆனாலும் தொண்டை திறக்க மாட்டேன் என்கிறது. தலையைக் குனிந்தாள். பின்வரிசையில் இருக்கும் மனுஷரைப் பார்த்தாள். இதோ சொல்லப்போகிறோம், அவர் அப்படியே சரிந்து விழப்போகிறார் என்று தோன்றியது. கண்ணை மூடினாள். துபாஷி இரண்டாம் முறை கேட்டார். ஜட்ஜு பேனாவை வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ இருமினார்கள். வெளியே மாட்டுவண்டி ஒன்று வந்து, நின்று, திரும்பப் போகிற சத்தம்கூடக் கேட்டது.

"அக்கா!" என்றான் பக்கிரி. காவல்காரன் அவனை அதட்டினான்.

"ரெங்கசாமி," என்றாள் அவள்.

கடைசியில் வந்துவிட்டது. ரெங்கசாமி விழவில்லை. துண்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வள்ளியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இனிமேல் என்ன, தம்பி வீட்டுக்கு வந்துவிடுவான் என்று நினைத்தாள்.

சர்க்கார் வக்கீல் எழுந்தார். கையில் பெருவிரல் ரேகை வைத்த காகிதம்.

"இந்தப் பேர் போலீஸில் கேட்டபோதும் உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க."

"ஆனால் தெரியாது என்று சொல்லியிருக்கிறாய்."

"தெரியாதுன்னு சொல்லலீங்க. சொல்லாம இருந்தேங்க."

"அப்படியானால் தெரிந்தும் போலீஸிடம் மறைத்தாய்."

"அது எங்க வீட்டுக்காரரு பேருங்க. நாங்க சொல்லக்கூடாதுங்க."

துபாஷி அதை மொழிபெயர்த்தார். என்ன சொன்னாரோ, தோட்டத்துத் துரை லேசாகச் சிரித்தார். "இப்போது மட்டும் சொன்னாயே?" என்று கேட்டார் சர்க்கார் வக்கீல். தம்பிக்காகச் சொன்னேன் என்றால், தம்பிக்காகத்தான் சொல்கிறாள் என்பார்கள். அதைத்தான் அவரும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

இரண்டு பேரும் குற்றவாளி என்றே அபிப்பிராயம் சொன்னார்கள். மண்டோரின் அக்கா மகனும் கள்ளுக்கடைக்காரனும் முன்னுக்குப் பின் முரணாகப் பேசியது பற்றி ஜட்ஜு ஒரு விளக்கம் சொன்னார்: படிக்காத ஜனங்கள், பதற்றமான நேரம், சின்னச் சின்ன வித்தியாசம் இருப்பது இயற்கை, எல்லாம் அச்சாக ஒத்துப்போனால்தான் சந்தேகப்பட வேண்டும். வள்ளியம்மாவின் முரண் அப்படிச் சின்னதில்லையாம். கோடாலி கம்பியாகலாம், பின்மண்டை முன்மண்டையாகலாம், ஓடிவந்தவன் பத்தடியில் நின்றவனாகலாம். கட்டின புருஷன் பேரைச் சொல்லக் கூசிய பெண் மட்டும் பொய்க்காரியாகிவிட வேண்டும். பக்கிரிக்குத் தூக்கு.

அவள் அங்கேயே விழுந்தாள். ரெங்கசாமிதான் தூக்கிக்கொண்டு வந்தார்.

அப்பீல் இருக்கிறது என்றார் மரியநாயகம். அப்பீல் என்றால் மூன்று ஜட்ஜுகள் உட்கார்ந்து, முதலில் நடந்தது நியாயமாக நடந்ததா என்று பார்ப்பார்கள் என்று விளக்கினார். வள்ளியம்மாவுக்கு அந்தச் சொல் பிடித்துப்போனது. லயனில் எல்லோரிடமும் "அப்பீல் இருக்கு" என்றாள். சாந்தமேரி மாதா கோயிலில் ஒன்பது நாள் ஜெபம் வைத்தாள்.

அப்பீலில் வள்ளியம்மாவை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் உட்காரலாம் என்றார்கள். மரியநாயகம் காதோரம் மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தார். துரை இந்த முறை நிஜமாகவே பாடுபட்டார். வாக்குமூலத்தை இந்தப் பெண்ணுக்குப் படித்துக் காட்டவே இல்லை என்றார். வெளியே பேரைச் சொன்ன சாந்தமேரி இதோ வந்திருக்கிறாள், இப்போதாவது அவளை விசாரியுங்கள் என்றார். அன்றைக்கே கூப்பிட்டிருக்கலாமே, ஏன் கூப்பிடவில்லை என்று ஒரு ஜட்ஜு கேட்டார். துரை கையிலிருந்த காகிதத்தைப் புரட்டினார். கூப்பிட வேண்டாம் என்றவரே அவர்தானே. தமிழ்ப் பெண்கள் புருஷன் பேரைச் சொல்வதில்லை, இது இந்த ஜனங்களின் வழக்கம் என்று அடுத்ததாகச் சொன்னார்.

"அப்படியொரு வழக்கம் இருப்பதாக விசாரணையில் யாராவது சாட்சி சொல்லியிருக்கிறார்களா?" என்றார் நடுவில் இருந்தவர்.

"அந்தப் பெண்ணே கூறியதைத் தவிர வேறு இல்லை."

"அப்படியானால் நம் முன்னால் அது இல்லை."

கோர்ட்டு வாசலில் பங்கா இழுக்கிறவனிலிருந்து ரிகார்டு சுமக்கிற பியூன் வரை, அந்தக் கட்டடத்தில் இருந்த அத்தனை தமிழனுக்கும் தெரிந்த சங்கதி அது. யாரையாவது ஒருவனைக் கூப்பிட்டு, உன் பெண்சாதி உன் பேரைச் சொல்வாளா என்று கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. கேட்க இடமில்லையாம்.

தீர்ப்பை ஒரு வாரம் கழித்து வாசித்தார்கள். நீளமான தீர்ப்பு. மரியநாயகம் நடுவில் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார். வள்ளியம்மா அவர் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"என்னங்க சொல்றாங்க? சொல்லுங்கண்ணே."

"வேண்டாம்மா."

"எனக்குத் தெரியணும்."

அவர் மெல்ல மொழிபெயர்த்தார். "கீழ்க் கோர்ட்டு ஜட்ஜு உன்னை நேர்ல பாத்தவரு. அவரு குறிப்பு எழுதி வச்சிருக்காரு. பேரு கேட்டப்ப ரொம்ப நேரம் பேசாம நின்ன, தலையக் குனிஞ்ச, கண்ண மூடின, கைதி கூப்பிட்ட பிறகுதான் பேரு சொன்ன. உண்மையைச் சொல்றவளுக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. அந்தப் பேரு அந்த நிமிஷத்துல யோசிச்சுக் கண்டுபிடிச்ச பேருன்னு அவரு நினைச்சதுல தப்பில்லைன்னு சொல்றாங்கம்மா."

அப்பீல் தள்ளுபடி. கருணை மனுவும் போட்டார்கள். லயனே கைநாட்டு வைத்தது. மூன்று வாரத்தில் இரண்டு வரியில் பதில் வந்தது.

கடைசியாகப் பார்க்க அனுமதித்த நாளில் வள்ளியம்மாவும் ரெங்கசாமியும் புடு ஜெயிலுக்குப் போனார்கள். கம்பிக்கு இந்தப் பக்கம் அவர்கள், அந்தப் பக்கம் பக்கிரி, நடுவில் வார்டர். பக்கிரி மெலிந்திருந்தான். மச்சானிடம் கையெடுத்துக் கும்பிட்டு, அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். ரெங்கசாமியால் நிற்க முடியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பக்கிரி அக்கா பக்கம் திரும்பினான். அவன் முகத்தில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும்.

"ஏங்க்கா அன்னிக்கு அவ்வளவு நேரம் பேசாம நின்னே?"

"தொண்ட அடச்சிடுச்சுடா தம்பி. அந்தப் பேரு... வாய்க்கு வரலடா."

"எனக்காகக்கூடவா வரல?"

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவனைச் சுமந்த இடுப்பு வலித்தது. ஏதாவது சொல்லிவிட வேண்டும், ஒரு வார்த்தையாவது சொல்லி அவனை அனுப்ப வேண்டும் என்று துடித்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் வார்டர் நேரமாகிவிட்டது என்று அவன் தோளைத் தொட்டான். பக்கிரி திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

மறுநாள், புதன்கிழமை காலையில், அவனைத் தூக்கில் போட்டார்கள்.